ஆறாம் தெருவின் அடிமண்

முதலில் அடம்பிடித்தது சமையலறைக் கதவுதான்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் கதவை இழுத்தாள். மூடவில்லை. தோளால் ஒரு இடி இடித்துப் பார்த்தாள். மேல்மூலை நிலையில் முட்டிக்கொண்டு நிற்க, கீழ்மூலை ஒரு விரல் அகலத்துக்கு இளித்தது. மழைக்காலத்தில் மரம் ஊதுவது உலக வழக்கம். ஆனால் ஊதின கதவு எல்லாப் பக்கமும் முட்டும். ஒரு பக்கம் முட்டி மறுபக்கம் இளிக்காது. இருபத்தாறு வருஷம் கோட்டையும் கோணத்தையும் வைத்தே பிழைத்தவளுக்கு இதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவு கோணவில்லை, நிலை கோணியிருக்கிறது. நிலை கோணியிருந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது.

நகராட்சி அலுவலகத்தின் வரைபட அறையில் அவளுக்கு வேலை. தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல் முளைக்காத பிள்ளையிலிருந்து பல் போன கிழவர் வரை எல்லோருக்கும் ‘மேப்பக்கா’தான். கணவர் போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அதற்காக அவள் தனியாள் என்று சொல்லிவிட முடியாது. மாமனார் தன் இரண்டு மகன்களுக்கும் ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டி, நடுவில் ஒரே சுவரை வைத்துவிட்டுப் போயிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் மூத்த மருமகள், அந்தப் பக்கம் கொழுந்தனும் ஓர்ப்படியும். இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள்.

அந்தக் குடியிருப்பில் மொத்தம் ஆறு தெருக்கள். ஆலைத் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்து, வெறும் பொட்டலில் ஒன்றொன்றாக எழுப்பியவை. அந்தச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷம் செயலாளராக இருந்தவர் அவளுடைய மாமனார். தண்ணீர்க்குழாய், தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் எல்லாம் அவர் நடையாய் நடந்து வாங்கியவை. இன்றைக்கும் ‘செயலாளர் ஐயா வீடு’ என்றால்தான் தபால்காரருக்கே வழி தெரியும்.

இப்போது அந்தக் குடியிருப்புக்கு யோகம் அடித்திருந்தது. ஐந்தாம் தெருவில் மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலையை இடித்துவிட்டு, பத்து மாடி கட்டப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கார் நிறுத்துவதற்கு மட்டும் பூமிக்கடியில் மூன்று தளம். பள்ளத்தின் விளிம்பு ஆறாம் தெருவின் ஒரு வரிசை வீடுகளுடைய கொல்லைச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஊற்று நீரை இறைக்கும் பம்புகள் இரவும் பகலும் உறுமின. முதல் வாரம் தூக்கம் கெட்டது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது.

அன்று மாலை அவள் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான துவைக்கும் இடத்தில், நடுச் சுவரின் கடைசியில், செங்கல் செங்கலாகப் படியிறங்கி ஒரு விரிசல் ஓடியிருந்தது. கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

கொழுந்தன் கடைவீதியில் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுப்பதில் கைதேர்ந்தவர். வாயோ கையைவிடத் தேர்ந்தது. “முப்பது வருஷமா கண்ணாடிக்கு நடுவுலயே நிக்கிறேன் அண்ணி, ஒருநாள்கூட நான் அழகா தெரிஞ்சதில்ல” என்று வருகிறவர்களையெல்லாம் சிரிக்கவைப்பார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. விரிசலை விரலால் தடவிவிட்டு, “பூச்சு விட்டிருக்கு. சிமெண்ட் வச்சு அடைச்சா தீர்ந்துபோச்சு” என்றார்.

“அடைக்காதீங்க. முதல்ல அது நகருதா நிக்குதான்னு பாக்கணும். கடையில இருந்து விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு கொண்டுவாங்க. விரிசலுக்குக் குறுக்கா ஒட்டுவோம். சுவர் நகர்ந்தா கண்ணாடி உடைஞ்சிடும்.”

“உடையலைன்னா?”

“உடையலைன்னா நான் வாயை மூடிக்கிறேன்.”

மறுநாளே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை அறுத்துக்கொண்டு வந்து அவரே பசை போட்டு ஒட்டினார். அவள் கறுப்புப் பேனாவால் அதன்மேல் தேதியை எண்ணில் எழுதினாள்: பதினேழு. அதோடு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கொழுந்தனுக்கு அந்த நாட்களில் தலைக்குமேல் பாரம் இருந்தது. கடை இருந்த கட்டடத்தை விற்றுவிட்டார்கள். வருஷக் கடைசிக்குள் காலிசெய்ய வேண்டும். வேறிடத்தில் சொந்தமாக ஒரு கடை பிடிக்க வேண்டுமானால் வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. பத்து மாடி வரப்போகிறது என்றதும் ஆறாம் தெருவைத் தேடி ஆள் வர ஆரம்பித்திருந்தது. ஒருவர் பேசி முடித்து, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை முன்பணத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பின்பக்கம் போவாள். கண்ணாடி உடையாமல் இருக்கும். மனசு கொஞ்சம் ஆறும். உள்ளே வந்தால் கதவு ஒரு விரலிலிருந்து இரண்டு விரலுக்கு இளித்திருக்கும். மேசையிலிருந்து பென்சில் விழுந்தால், உருண்டு உருண்டு பின்சுவரில் போய் முட்டித்தான் நின்றது. குளியலறைத் தரையில் இரண்டு ஓடுகள் மேலெழும்பின. கண்ணாடியோ கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது. தன் கண்ணை நம்புவதா, கண்ணாடியை நம்புவதா என்று அவளுக்குக் குழம்பியது.

மறு வாரம் வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்துபோன பிறகு, அவள் பழைய வரைபடங்கள் இருக்கும் இரும்பு இழுப்பறையைத் திறந்தாள். தன் தெருவைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை. நம் வீட்டை நாமே போய் எல்லைக்கல் பார்த்துக்கொண்டா இருப்போம்?

மூன்று வரைபடங்கள் கிடைத்தன. முதலாவது, துணி ஒட்டி மடித்த பழைய தாள். அதில் தெருவே இல்லை. செங்கல் சூளைகள் நாலைந்தும், நடுவில் ஒரு பெரிய முட்டை வடிவக் கோடும் இருந்தன. கோட்டுக்குள் யாரோ பொடி எழுத்தில், ‘மண்ணெடுத்த பள்ளம். ஆழம் இருபத்தெட்டு அடி’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது, சங்கம் மனை பிரித்தபோது வரைந்தது. ஐந்து தெருக்கள். பள்ளம் இருந்த இடத்தில் பச்சை வண்ணம், ‘பள்ளம் தூர்க்கப்படும். பூங்கா. கட்டடம் கூடாது.’ மூன்றாவது அதற்குப் பதினோரு வருஷம் கழித்து வந்தது. பச்சை வண்ணம் போய், அந்த இடத்தில் இருபத்திரண்டு மனைகளும் ஆறாம் தெருவும் முளைத்திருந்தன. ஓரத்தில் ‘திருத்தப்பட்டது’ என்ற முத்திரை. அதற்குக் கீழே, சங்கச் செயலாளர் என்ற இடத்தில், அவள் நன்றாக அறிந்த கையெழுத்து. அவளுடைய கல்யாணப் பதிவிலும் அதே கையெழுத்துதான் இருக்கிறது.

முட்டை வடிவக் கோட்டை மெல்லிய தாளில் நகலெடுத்து மூன்றாவது வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். ஐஸ் தொழிற்சாலை பள்ளத்தின் கரையில் இருந்தது. ஆறாம் தெரு முழுக்கப் பள்ளத்துக்குள் இருந்தது. ஒன்பதாம் மனையும் பத்தாம் மனையும், அதாவது அவள் வீடும் கொழுந்தன் வீடும், பள்ளத்தின் நடுவயிற்றில் உட்கார்ந்திருந்தன. குப்பையும் இடிபாடும் கொட்டி மூடிய இருபத்தெட்டு அடி. அதன் கரையை வெட்டித் திறந்துவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரையும் ராப்பகலாக இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் மூன்று தாளையும் தனியாக எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரியிடம் மூன்று தாளையும் விரித்தாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கிற மனுஷர்.

“குறிப்பு எழுதிக் குடுங்கம்மா. திங்கட்கிழமை மேல அனுப்பிடலாம்.”

“அதுவரைக்கும் மண்ணு நிக்குமா சார்?”

“பொறியாளர் கையெழுத்துப் போட்டுத்தானே பள்ளம் தோண்டுறாங்க. நீங்களும் நானும் கோடு போடுறவங்க. மண்ணைப் பத்தி நாம சொன்னா யார் கேப்பா?” என்றவர், குரலைத் தாழ்த்தி, “இதுல உங்க மாமனார் கையெழுத்து இருக்கு, பாத்தீங்கல்ல?” என்றார்.

அவள் குறிப்பை எழுதிக் கொடுத்தாள். எழுதின கையோடு மூன்று வரைபடங்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். அது விதிப்படி கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் கொழுந்தனிடம் படங்களைக் காட்டினாள். அவர் முதல் படத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதில் கையெழுத்தைப் பார்த்ததும் கைபேசியைத் திருப்பி நீட்டினார்.

“இதை வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“ஆபீஸ்ல மட்டும்.”

“அதோட நிறுத்திக்குங்க அண்ணி. அப்பா மண்ணுக்குள்ள போய் பதினாலு வருஷம் ஆச்சு. அவரைத் தோண்டி எடுத்து நடுத்தெருவுல நிறுத்தாதீங்க. ஞாயித்துக்கிழமை ஆள் வருது. தெருவே நாறிப்போனா நான் கடையை எங்க கொண்டுபோய் வைக்கிறது, என் தலையிலயா?”

“தெரு இருந்தாத்தானே நாறுறதுக்கு?”

“கண்ணாடி உடைஞ்சுதா? இல்லையே! உடையலைன்னா வாயை மூடிக்கிறேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவள் கைபேசியை வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஓர்ப்படி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடுமுறை. விடியற்காலையிலிருந்தே மழை. சமையலறைக் கதவு இப்போது மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை, பாதியில் நின்றுவிட்டது. பக்கவாட்டாக உடம்பை நுழைத்துப் பின்பக்கம் போனாள். இதுவரை பெரும்பாலும் சாயங்கால மங்கலில், எட்ட நின்றுதான் கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு முதல்தடவையாகப் பகல் வெளிச்சத்தில், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

கண்ணாடி முழுசாக இருந்தது. தேதி இருந்தது. பதினேழு. ஆனால் ஏழுக்குக் குறுக்கே கோடு இல்லை.

வரைபடம் போடுகிறவர்கள் ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் கோடு இழுப்பார்கள், ஒன்றோடு குழம்பிவிடக் கூடாது என்று. பால்காரருக்கு எழுதுகிற சீட்டில்கூட அவள் ஏழு அப்படித்தான் இருக்கும். கண்ணாடியில் இருந்த ஏழு அவளுடையது இல்லை. விரலால் பசையைத் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது.

நேரே பக்கத்து வீட்டுக்குள் போனாள். கொழுந்தன் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை தடவை மாத்தினீங்க?”

“என்ன அண்ணி?”

“கண்ணாடியை எத்தனை தடவை மாத்தினீங்க?”

கொழுந்தன் செய்தித்தாளை மடித்தார். ஓர்ப்படி கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். புருஷன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த ஒரு பார்வை போதும்.

“அக்கா கேக்குறாங்கல்ல, சொல்லுங்க.”

“மூணு தடவை” என்றார் அவர்.

“முதல்ல எப்போ?”

“ஒட்டின அஞ்சாம் நாள். அப்புறம் மூணு நாள் கழிச்சு. அப்புறம்…” நிறுத்தினார். “நேத்து ராத்திரி ஒட்டினது மூணாவது. முன்னாடி இருந்தது வெறுமனே விரிசல் விடல அண்ணி. ரெண்டு துண்டாப் போய் நடுவுல அரை விரல் இடைவெளி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை தாண்டட்டும்னுதான்… வர்றவன் பாத்துடக் கூடாதுன்னுதான்…”

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு நேரமில்லை. ஐந்தாம் நாள் உடைந்தது, அதற்கு மூன்று நாளில் உடைந்தது, அடுத்த இரண்டே நாளில் அரை விரல். மனசுக்குள் கணக்குப் போட்டவள், “வேகம் கூடிக்கிட்டே போகுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குடையை எடுக்காமலே தெருவில் இறங்கினாள்.

பள்ளத்துக்குப் போகும் வழியைத் தகரம் அடைத்திருந்தது. வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். ஒடிசலான ஆள், தலையில் மஞ்சள் தொப்பி. உள்ளே போகக் கூடாது என்று கையைத் தூக்கியவரிடம், “நகராட்சி” என்று ஒரே சொல் சொன்னாள். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. விளிம்பில் போய் எட்டிப் பார்த்தாள். எதிர்க்கரைகளில் கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆறாம் தெருப் பக்கத்துக் கரையில், நட்டுவைத்த இரும்புத் தூண்களுக்கு நடுவிலிருந்து வந்த தண்ணீர் மட்டும் கருஞ்சேறாக வந்தது. அதோடு பழைய துணிக் கிழிசலும் ஓட்டுச் சில்லும் சேர்ந்து வந்தன.

“இது எப்போதிலிருந்து?”

“நேத்து மத்தியானத்துல இருந்துங்க” என்றார் மேஸ்திரி. “தண்ணி தனியா வந்தா பரவால்ல. மண்ணையும் கூட்டிக்கிட்டு வருது. எனக்கே மனசு சரியில்ல. எஞ்சினியருக்கு ஆறு தடவை போன் போட்டுட்டேன், எடுக்கல. அவர் சொல்லாம ஆளுங்களை மேல ஏத்தினா வேலை போயிடும்.”

“ஏத்தலைன்னா உயிர் போயிடும்.”

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, வாயில் இரண்டு விரலை வைத்து விசிலடித்தார். கீழேயிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக ஏணியில் ஏறத் தொடங்கினார்கள். அவள் அங்கே நின்றபடியே தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினாள். நகரம் முழுக்க மழை. வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, வருகிறோம் என்றார்கள்.

மீதி இருந்தது தெரு. பள்ளத்தை ஒட்டிய வரிசையில் மட்டும் பதினோரு வீடு.

முதல் வீட்டில் சிரித்தார்கள். இரண்டாம் வீட்டில், “சாயங்காலமா பாக்கலாம்கா” என்றார்கள். மூன்றாவது மருந்துக்கடைக்காரர் வீடு. அவர் வெளியே வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

“மேப்பக்கா, வீட்டு விலை ஏறுற நேரத்துல இப்படி ஒரு புரளியைக் கிளப்புறீங்களே, நல்லா இருக்கா? செயலாளர் ஐயா பிரிச்ச மனை இது. அவர் தப்பான இடத்துல எங்களைக் குடிவைப்பாரா?”

அவள் கைபேசியில் வரைபடத்தைக் காட்டினாள். நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். மழைத்துளி விழுந்து திரை மங்கியது. பழைய கோடு, பொடி எழுத்து. யாருக்கு என்ன புரியும்? “இது ஏதோ காடா இருக்கே, நம்ம தெரு எங்க?” என்றாள் ஒருத்தி. குடைகளுக்கடியில் கூட்டம் சேர்ந்தது. ஆனால் ஒருவரும் வீட்டை விட்டு வருகிற மாதிரி தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் எல்லை காட்டியவள் பேச்சு இன்று எடுபடவில்லை.

அப்போதுதான் ஓர்ப்படி வந்தாள். தனியாக வரவில்லை, புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவர் பக்கத்தில் நிற்கவே கூச்சப்படுகிறவள், நடுத்தெருவில் அவரை நிறுத்தி, “சொல்லுங்க” என்றாள்.

“இங்கயா?”

“இங்கதான். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். அது உங்களுக்கு இன்னும் அசிங்கம்.”

கொழுந்தன் தெருவைப் பார்த்தார். எல்லாம் அவர் கண்ணாடி போட்டுக் கொடுத்த ஜன்னல்கள். எல்லாம் அவர் சிரிக்கவைத்த முகங்கள்.

“எங்க சுவர் உடையுது” என்றார். குரல் எழும்பவில்லை. செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். “எங்க சுவர் உடையுது. உடையுதான்னு பாக்க அண்ணி கண்ணாடி ஒட்டச் சொன்னாங்க. மூணு தடவை உடைஞ்சுது. மூணு தடவையும் அவங்களுக்குத் தெரியாம நான் புதுசு ஒட்டினேன். வீட்டை விக்கணும்னு ஒட்டினேன். மருந்துக்கடைக்காரரே, போன மாசம் உங்க படுக்கையறை ஜன்னல் கண்ணாடி தானா உடைஞ்சுதுன்னு வந்தீங்க. பந்து பட்டிருக்கும்னு சொன்னேன். பந்து இல்ல. சட்டம் கோணியிருந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். எல்லாரும் கிளம்புங்க. என்னை அப்புறம் அடிச்சுக்கலாம்.”

மருந்துக்கடைக்காரர் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், அம்மாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அது போதும். வரைபடத்தை நம்பாத தெரு, ஒரு மனுஷன் தன்னைத்தானே காட்டிக்கொடுத்ததை நம்பியது. குழந்தைகள், பைகள், மருந்துச் சீட்டுகள், ஒரு தையல் மெஷின் என்று கைக்குக் கிடைத்ததோடு ஆட்கள் நாலாம் தெருப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார்கள். ஓர்ப்படி ஒவ்வொரு வாசலிலும் நின்று தலையை எண்ணினாள். பத்து வீடு காலி.

“டைப் மாஸ்டர்!” என்றாள் திடுக்கிட்டு.

பதினோராம் வீட்டில் தட்டச்சு வகுப்பு நடத்தி ஓய்ந்த மாஸ்டர் தனியாக இருந்தார். காதுக் கருவியைக் கழற்றிவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. மூன்று பேரும் ஓடினார்கள். கதவைத் தட்டினார்கள், உதைத்தார்கள். நிலை கோணிக் கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. உள்ளேயிருந்து மாஸ்டரும் இழுத்துக்கொண்டிருந்தார்; “யாரு வெளியில பூட்டினது?” என்று அவர் கத்துவது கேட்டது.

கொழுந்தன் பக்கவாட்டில் ஓடினார். மாஸ்டர் வகுப்பு நடத்திய முன்னறைக்கு ஆளுயரக் கண்ணாடி உண்டு, கம்பி கிடையாது. போட்டவரே அவர்தான். இருந்தாலும் கையில் ஒரு கருவி இல்லை. கீழே கிடந்த செங்கல்லை எடுத்து மேல்மூலையில் அடித்தார். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. சட்டத்தில் ஒட்டியிருந்த கூர்ச்சில்லுகளை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். மாஸ்டர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொழுந்தன் தோளில் கை வைத்து, ஏதோ பேருந்திலிருந்து இறங்குகிறவர் மாதிரி நிதானமாகக் காலெடுத்து வைத்தார்.

“வேகமா, மாஸ்டர்!”

“என்னது?”

தெருமுனையில் தீயணைப்பு வண்டி திரும்பியபோது பள்ளத்தில் பம்புகளின் உறுமல் நின்றது. பிறகு பெரிய துணி ஒன்றை யாரோ நிதானமாகக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர்களுடைய இரண்டு வீடுகளும் சேர்ந்தாற்போல் பின்பக்கம் சாய்ந்தன. அவசரமே இல்லை, நாற்காலியில் சாய்ந்து உட்காருகிற ஆளைப் போலச் சாய்ந்து, உட்கார்ந்து, காணாமல் போயின. அந்த இடத்தில் வானம் தெரிந்தது. அடுத்தடுத்து ஐந்து வீடுகள் போயின. மருந்துக்கடைக்காரர் வீடு பாதி நின்றது, மேல்மாடிக் கொடியில் நனைந்த துணியோடு. டைப் மாஸ்டர் வீடு மட்டும் அசையாமல் நின்றது. “சும்மா நிக்கிற வீட்டுக் கண்ணாடியை உடைச்சிட்டானே” என்று அவர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரும் சாகவில்லை. கொழுந்தனுக்கு வலது கை கட்டைவிரலில் நரம்பு அறுந்துபோனது. தைத்தார்கள், விரல் முழுசாக மடங்கவில்லை. கண்ணாடி அறுக்கிற கருவியை அழுத்திப் பிடிக்க முடியாததால், அளவெடுத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். அறுப்பதற்கு ஓர்ப்படி பழகிக்கொண்டாள். முதல் மாதம் உடைத்தது அதிகம், அறுத்தது குறைவு. இப்போது அவளுக்கும் கை வந்துவிட்டது. மூவரும் இரண்டாம் தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

மேப்பக்காவுக்கு அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: ஆவணத்தை அனுமதியின்றிப் படமெடுத்து வெளியாருக்குக் காட்டியது ஏன்? அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள்: பார்க்க வேண்டியவர்கள் அதன்மேல்தான் குடியிருந்தார்கள். அதற்கு யாரும் மறுபதில் அனுப்பவில்லை.

விசாரணை ஆறு மாதம் கழித்து நடந்தது. அதிகாரி மூன்று வரைபடங்களையும் மேசையில் விரித்து வைத்திருந்தார். பூங்காவை மனையாக்கிய கையெழுத்து யாருடையது என்று அவளைக் கேட்டார். தெருவே பின்னால் உட்கார்ந்திருந்தது.

“என் மாமனாருடையது” என்றாள். “ஒன்பதாம் மனையையும் பத்தாம் மனையையும் தன் பேருக்கு எடுத்துக்கிட்டதும் அவர்தான்.”

பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்த நாளிலிருந்து அவள் மனசை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான். ஊருக்குப் பொதுவில் விட்ட இடத்தை எடுத்து, அதில் தன் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாரே என்று.

கொழுந்தன் எழுந்து நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

“அப்போ எனக்குப் பதினெட்டு வயசு சார். ஆலையில புதுசாச் சேர்ந்த இருபது குடும்பம், சூளைக் கொட்டகையில குழந்தை குட்டியோட கிடந்துச்சு. மனை தீர்ந்துபோச்சு. அந்தப் பூங்கா இடத்தைக் குடுங்கன்னு தினமும் எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அடியில என்ன இருக்குன்னு அப்பாவுக்குத் தெரியும். குப்பை லாரி வந்து கொட்டினப்போ நானே அவர் கூட நின்னு பாத்திருக்கேன். பத்து வருஷத்துல மண்ணு இறுகிடுச்சுன்னு யாரோ சொன்னாங்க. அவரும் நம்பினார், நம்ப ஆசைப்பட்டார். ஆனா ஜனங்க பயந்தாங்க. பள்ளத்து மேல நாங்க எப்படிப் படுக்கிறதுன்னு கேட்டாங்க. அன்னைக்குத்தான் அவர் சொன்னார், எது ரொம்ப ஆழமோ அதை எனக்குக் குடுங்க, என் பிள்ளைங்க அங்க படுக்கட்டும்னு. ஓரத்து மனையெல்லாம் மத்தவங்களுக்கு.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “அப்படின்னா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.”

“தெரியும். மறந்துட்டேன்னு வச்சுக்கிட்டேன்.”

“இதைப் பதிவு பண்ணிக்கலாமா?”

“பண்ணிக்குங்க சார். தெரிஞ்சே செஞ்சார்னு எழுதுங்க. நடு மனையை அவரே எடுத்துக்கிட்டார்னும் எழுதுங்க. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை மட்டும் எழுதிடாதீங்க.”

எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டே போனார். மேப்பக்கா கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்காரவில்லை; மடங்காத விரலை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். இருவருக்கும் நடுவில் இருந்த காலி நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “வந்து உக்காருங்க” என்றாள்.